சொல்வதும் சொல்லிக்கொள்வதும்

இது சிரிக்க வேண்டிய கதை. சிரிப்பு கடைசியில் இருக்கிறது. நடுவில் யாராவது எழுந்து போனால் அதற்குக் கதை பொறுப்பில்லை.

ஒரு குரு, ஒரு சீடன். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். குருவின் பெயர் தையல்நாயகி. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். நாற்பதைத் தொடாத வயது. ஆசிரமம் என்று பார்த்தால், பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு வகுப்பறை. மின்விசிறி ஓடினால் பேச்சு கேட்காது, நிறுத்தினால் உட்கார முடியாது. அங்கே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு 'உலக மொழிகளும் பண்பாடுகளும்: ஓர் ஒப்பீட்டு அறிமுகம்' என்ற பாடத்தை அவர் நடத்தி வந்தார்.

சீடன் இசக்கிராஜ். சங்கரன்கோவில்காரன். அவனுக்கென்று சொந்தமாக ஒரு குரல் உண்டா என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் குரலெல்லாம் அவனிடம் இருந்தது. மெஸ் மாஸ்டர் "சாம்பார் முடிஞ்சுபோச்சு தம்பி" என்பதை அவன் சொன்னால், மெஸ் மாஸ்டரே அண்டாவை எட்டிப் பார்ப்பார். துறைத்தலைவர் குரலில் "சைலன்ஸ்" என்றால் துறைத்தலைவரே வாயை மூடிக்கொள்வார் என்று பேச்சு.

ஒரு நாள் மேடம் பலகையில் 'விடைபெறுதல்' என்று எழுதினார்.

"ஒவ்வொரு மொழியிலும் கிளம்பும்போது என்ன சொல்றாங்க? யார் சொல்றீங்க?"

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இசக்கிராஜ் எழுந்துவிட்டான். மூக்கு வழியாகப் பிரெஞ்சுக்காரன் ஆனான். "மறுபடி பார்க்கிற வரைக்கும்." நெஞ்சில் கை வைத்து ஸ்பெயின்காரன் ஆனான். "கடவுள்கிட்ட ஒப்படைக்கிறேன்." இடுப்பை வளைத்து ஜப்பான்காரன் ஆனான். "அப்படித்தான்னா, சரி." கொரியாவுக்கு அவனே இரண்டு ஆளாகப் பிரிந்தான். போகிறவன் "நல்லபடியா இருங்க" என்றான். இருக்கிறவன் "நல்லபடியாப் போங்க" என்றான்.

வகுப்பு மேசையைத் தட்டியது.

"தமிழ்?" என்றார் மேடம்.

"போயிட்டு வாரேன்." சொல்லிவிட்டு அவன் உட்காரவில்லை. "மேடம், ஒரு சந்தேகம். இது பொய்தானே?"

"எப்படி?"

"வராதவனும் வாரேன்னுதானே சொல்லுதான். பொண்ணு பார்க்க வந்து பிடிக்காமப் போறவன், இரவல் சைக்கிளை எடுத்துட்டு ஊரை விட்டே ஓடுறவன், எல்லாரும் வாசல்ல நின்னு வாரேன் வாரேன்னுட்டுத்தான் போறான். உலகத்துல வேற எவனும் கிளம்பும்போது இவ்வளவு பச்சையாப் பொய் சொல்லல."

"ஜப்பான்ல வீட்டிலேருந்து கிளம்பறப்போ 'போய் வரேன்'னுதான் சொல்லுவாங்க."

"அப்போ ரெண்டு நாட்டுக்காரனும் பொய்யன்."

மறுபடி மேசைகள்.

"எங்க அப்பாதான் மேடம் இதுல பெரிய ஆளு" என்றான் இசக்கிராஜ். அவன் அப்பா சுடலைமுத்து சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு சொல்பவர். "ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் கடைசியில 'போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க'ம்பார். மேலதிகாரி திட்டிக்கூடப் பார்த்துட்டார். கேட்கல. அந்த வண்டியில போறவன்ல பாதிப் பேர் திரும்ப வர மாட்டான். சென்னைக்குப் போனவன் வந்திருக்கானா?"

"தமிழ்ல எல்லா இடத்திலேயும் அப்படிச் சொல்லிட்டுத்தான் கிளம்பறோமா?" மேடம் கேட்டார்.

இசக்கிராஜ் யோசித்தான். முகம் மலர்ந்தது. "இல்ல மேடம். அஞ்சாப்பு படிக்கையில பக்கத்துத் தெருவுல ஒரு சாவு. கிளம்பும்போது நான் நல்ல பிள்ளையா 'போயிட்டு வாரேன் அத்தே'ன்னு சத்தமா சொல்லிட்டேன். எங்கம்மா தொடையில கிள்ளுன இடம் இப்பவும் கறுப்பா இருக்கு." அம்மா குரலுக்கு மாறினான். "'ஏல கூறுகெட்டவனே, சாவு வீட்டுல சொல்லிக்கிட்டா போவாக? இதே மாதிரி திரும்பவும் இந்த வீட்டுக்கு வரணுமால?'"

வகுப்பு புரண்டது. அவன் கையை உயர்த்தி அடக்கினான். நல்ல நடிகனுக்கு எப்போது அடக்க வேண்டும் என்று தெரியும்.

"அப்போ பார்த்துக்கோங்க. தமிழன் பொய் சொல்லாமக் கிளம்புற ஒரே இடம் சாவு வீடு."

மேடம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பலகையில் இரண்டு சொல் எழுதினார். சொல்வது. அதன் கீழே, சொல்லிக்கொள்வது.

"ரெண்டும் ஒண்ணா?"

"கொள்ளு ஒண்ணு கூட இருக்கு மேடம். குதிரைக்குப் போடலாம்."

"சொல்றதுல ஒரு சேதி இருக்கும். அது மெய்யா பொய்யான்னு கேட்கலாம். சொல்லிக்கிறதுல சேதி இல்லை."

"பின்னே என்ன இருக்கு?"

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அதைப் பலகையில எழுத முடியாது."

மணி அடித்தது. மேடம் பையை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சொல்வதுதான். இசக்கிராஜ் அவர் குரலிலேயே "வரேன்" என்று வாசல்வரை பின்னால் போய்க் காட்டினான்.

சிரிப்பு இதுவா என்றால், இல்லை. இதற்கெல்லாம் சிரித்துத் தீர்த்துவிட்டால் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது.

அவன் மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. போன பருவத்தில் அவன் துறைத்தலைவர் குரலில் விடுதிக் காப்பாளருக்குப் போன் போட்டு நாளைக்கு விடுமுறை என்று சொல்லியிருந்தான். பாதி விடுதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது. துறைத்தலைவர் அவன் அப்பாவை வரவழைத்தார்.

"இனி ஒரு தடவை இவன் வாயிலேருந்து வேற யார் குரலாவது வந்துதுன்னா, டி.சி.யை வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புரியுதா?"

சுடலைமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாள் முழுதும் மைக்கில் பேசுகிற மனிதர் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்றபோதுதான் மகனிடம் கேட்டார்.

"உனக்கு என் குரல் வருமால?"

"வரும்ப்பா."

"அதை வச்சு யாரையும் ஏமாத்திராத. நம்ம ஊருல அந்தக் குரலை நம்பித்தான் ஆளுக வண்டி ஏறுதாக."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் நண்பர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"சரி, போயிட்டு வாரேன்" என்றார் அப்பா.

அவன் தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இசக்கிராஜ் வகுப்பில் மட்டும் வித்தை காட்டினான், போனைத் தொடவில்லை. அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பலகுரல் போட்டி என்று சுவரொட்டி வந்தது. வருகைப் பதிவு ஏற்கனவே குறைவு. சும்மா விடுப்பு கேட்டால் கிடைக்காது. யாராவது வீட்டிலிருந்து கேட்க வேண்டும்.

அப்பா குரல் வேண்டாம். அது வாக்கு. தாய்மாமன் பேச்சிமுத்து குரல் இருக்கிறது. பொடி போட்டு அடைத்த மூக்கு, வாக்கியத்துக்கு ஒரு 'வந்து பாத்துக்கிடுங்க'.

காலையில் மெஸ்ஸுக்குப் போகாமல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். நடுவில் வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று தன் போனை முந்தின இரவே அணைத்து வைத்திருந்தான். அறைத்தோழன் ஜெரால்டின் போனை வாங்கினான். மேடத்தின் எண்ணை அழுத்தினான்.

"வணக்கம்மா. நான் வந்து பாத்துக்கிடுங்க, இசக்கிராஜோட தாய்மாமன் பேசுதேன். பேச்சிமுத்து."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மேடம் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவன் கேட்டதில்லை.

"சொல்லுங்க" என்றார் கடைசியில்.

"அவங்க அப்பாவுக்கு வந்து பாத்துக்கிடுங்க, கொஞ்சம் சீரியஸ்."

இந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷ்காரனுக்கு அது ஒரு முகபாவம். தமிழ்நாட்டில் அதைப் போனில் சொன்னால் எதிராளி அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டான். பெட்டியை எடுப்பான். அதனால்தான் இசக்கிராஜ் அதைத் தேர்ந்தெடுத்தான். வேலையில் அவ்வளவு சுத்தம்.

"பயலை ரெண்டு நாளைக்கு அனுப்பி வையுங்கம்மா. அவன்கிட்ட எதையும் சொல்லிராதீங்க. பயந்துக்கிடுவான்."

கடைசி வரி அவனாகச் சேர்த்தது. மாமன்மார் அப்படித்தான் சொல்வார்கள். ஜெரால்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"சொல்லலை" என்றார் மேடம். "அவனைத் தனியா அனுப்ப மாட்டேன். நானே கூட்டிட்டு வரேன்."

பொடி மூக்கு திறந்துகொண்டது. "ஐயோ, உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், அவன் தனியாவே…"

"சிரமமில்லை" என்றார் மேடம். போன் நின்றுவிட்டது.

ஜெரால்டு தரையில் உருண்டான். "செத்தடா நீ. கோயம்புத்தூர் பஸ்ஸுக்குப் பதிலா சங்கரன்கோவில் பஸ். அதுவும் மேடம் கூட. ஜன்னல் சீட்டா கேளு."

ஜெரால்டு சிரித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவனுக்கும் பிறகு தெரியவரும்.

மேடம் விடுதி வாசலுக்கே ஆட்டோவில் வந்துவிட்டார். கையில் ஒரு இட்லிப் பொட்டலம்.

"சாப்பிட்டியா?"

"இல்ல மேடம்."

"இதைச் சாப்பிடு. அங்க போனா எப்போ சாப்பிடுவேன்னு தெரியாது."

இசக்கிராஜ் ஒரு டி.வி. தொடர் மருமகளின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். "என்ன மேடம், எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"உங்க மாமா பேசினார். ஊருக்குப் போகணும். கிளம்பு."

"அப்பாவுக்கு ஏதாவது…"

"ஏறு."

பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குப் போகிறேன் என்று நழுவப் பார்த்தான். மேடம் வாசலிலேயே நின்றார். இன்னொரு வழி பார்த்தான்.

"நான் தனியாப் போயிக்கிடுவேன் மேடம். உங்களுக்குக் கிளாஸ் இருக்குல்லா."

"இதுவும் கிளாஸ்தான்."

வண்டி கிளம்பியது. திருமங்கலம் தாண்டி வெயில் ஏறியது. மேடம் ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைத்துவிட்டு நடைவழிப் பக்கம் தான் உட்கார்ந்திருந்தார். காவல் போட்ட மாதிரி. இசக்கிராஜ் மனதுக்குள் படம் ஓட்டிப் பார்த்தான். வண்டி சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும். கம்பத்துக் குழாயிலிருந்து அப்பா குரல் கணீரென்று கேட்கும். சீரியஸாகக் கிடக்க வேண்டிய மனிதர் தென்காசி வண்டியை அனுப்பிக்கொண்டிருப்பார். மேடம் இவனைத் திரும்பிப் பார்ப்பார். அதோடு டி.சி. அதைவிட, அந்த மைக் ரூம் வாசலில் அப்பா மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குத் தாங்கவில்லை.

"மேடம்."

"ம்."

"காலையில உங்ககிட்டப் பேசினது மாமா இல்ல."

மேடம் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தார்.

"நான்தான்."

"தெரியும்."

அவன் முகத்தில் மாட்டியிருந்த மருமகள் கழன்று விழுந்தாள். "எப்படித் தெரியும்?"

"உங்க மாமாவால அவ்வளவு கோவையாப் பேச முடியலை."

"எங்க மாமாவை உங்களுக்குத் தெரியுமா?"

"பேசியிருக்கேன்."

மாமாதான் சேர்க்கைக்குக் கூட வந்தவர். அப்போது பேசியிருப்பார். சரிதான்.

"தெரிஞ்சுமா மேடம் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமா."

"தண்டனையா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். அது யாருடைய குரல் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மேடம், டி.சி. கொடுத்தாக்கூடப் பரவாயில்ல. எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. போன தடவையே அவர்… மாமா குரல்தானே பண்ணேன், அவர் குரலை நான் எடுக்கல. ஆனா அவர் சாகக் கிடக்கிறதாச் சொன்னேன்னு தெரிஞ்சா…"

"உங்க அப்பாகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"நிசமாவா?"

"நிசமா."

"டி.சி.?"

"அதைப் பத்தி இனிமே யாரும் பேச மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

"அப்போ இங்கயே இறங்கித் திரும்பிரலாமே மேடம்."

"இல்லை. நீ வீட்டுக்குப் போகணும்."

இசக்கிராஜுக்கு மூச்சு வந்தது. பயம் காட்டுகிறார், அவ்வளவுதான். வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் மைதானத்தைச் சுற்றி வரச் சொல்வதைப்போல. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். பசி அப்போதுதான் தெரிந்தது. மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"உங்க அப்பா குரல் உனக்கு வருமா?"

"வரும். ஆனா பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"அதை வச்சு யாரையும் ஏமாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"யாரையும் ஏமாத்த வேண்டாம். எனக்குக் கேட்கணும்."

சட்னிக் கையைத் துடைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். முதலில் மைக்கைத் தட்டுகிற டொக் டொக். அப்புறம் அது வந்தது. கரகரவென்று, கடைசி எழுத்தை இழுத்து, தூங்குகிறவனை எழுப்பி உட்கார வைக்கிற குரல்.

"பயணிகள் கவனத்திற்கு. தென்காசி செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது. புளியங்குடி, கடையநல்லூர் போறவுக ஏறிக்கிடுங்க. ஏறுனவுக உக்காருங்க. உக்கார இடம் இல்லாதவுக கம்பியைப் பிடிங்க. பிள்ளையைத் தொலைச்சவுக மைக் ரூமுக்கு வாங்க, பிள்ளை இங்க முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கு. போயிட்டு வாங்க. போயிட்டு வாங்க."

வண்டியே சிரித்தது. முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். சிரிப்பு வேண்டும் என்று காத்திருந்தவர்கள் இங்கே வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல இடம் இனி வராது.

கண்டக்டர் மட்டும் டிக்கெட் கொடுத்த கை கொடுத்தபடி நின்றார். மெதுவாக நடந்து வந்தார்.

"நீ மைக் சுடலைமுத்து மவனா?"

"ஆமாண்ணே. எப்படி?"

கண்டக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையை அசைத்தார், தெரிந்தும் தெரியாமலும்.

"அப்படியே அவர்தான்" என்றார் கண்டக்டர். அவன் தலையில் ஒரு கணம் கை வைத்தார். பிறகு கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் விசில் வரவில்லை. இறங்கியவர்களே வண்டியைத் தட்டி அனுப்பினார்கள்.

இசக்கிராஜ் பெருமையாக மேடத்தின் பக்கம் திரும்பினான். "டிப்போக்காரங்களே அசந்துட்டாங்க, பார்த்தீங்களா?"

"இன்னொரு தடவை சொல்லு. கடைசி வரி மட்டும்."

"போயிட்டு வாங்க. போயிட்டு வாங்க."

மேடம் எதிர்ப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. வெறும் பருத்திக் காடு.

வண்டி சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. இசக்கிராஜ் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி. காதைக் கொடுத்தான். பூக்காரி கூவினாள், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் கூவினான். குழாயில் சத்தமில்லை. தென்காசி வண்டி யாரும் அனுப்பாமல் தானாகப் புறப்பட்டுப் போனது. மைக் ரூம் கதவு சாத்தியிருந்தது.

"கரண்ட் இல்ல போல மேடம்" என்றான். சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு. இந்தக் குரல் கேட்காமல் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவன் நினைத்ததே இல்லை.

மேடம் அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவன் வீடு தறிக்காரத் தெருவில். பகலெல்லாம் விசைத்தறி தடதடவென்று ஓடும். உள்ளே பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அன்றைக்குத் தெரு முனையிலேயே அவன் செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்டது.

"சொன்னேன்லா. கரண்ட்டேதான்."

முனைக் கடையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் போட்டிருப்பார்கள்.

அங்கே வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. "மேடம், நீங்க முதல்ல போங்க. அப்பா வீட்டுல இருந்தா எப்படி இருக்கார்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நல்ல மனநிலையில இருந்தா நான் வாரேன். திடீர்னு என்னைப் பார்த்தா எதுக்குல வந்தேன்னு கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது."

கடைசி வாக்கியத்துக்கு அவனே சிரித்தான். மேடம் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார்.

"எந்த வீடு?"

"நேரா போய்த் திரும்பினா வேப்பமரம். அதுக்கு எதிர் வீடு."

"இங்கேயே நிப்பியா?"

"எங்க போவேன்?"

மேடம் பைகளை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். வெறுங்கையோடு. முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகிறவர் முனைக் கடையில் ஒரு சீப்புப் பழம்கூட வாங்கவில்லையே என்று இசக்கிராஜுக்குத் தோன்றியது. நாகப்பட்டினத்துப் பழக்கம் வேறாக இருக்கும். ஒப்பீட்டுப் பாடத்தில் கேட்க வேண்டும்.

கடைப் பலகையில் சாய்ந்துகொண்டான். கடைக்காரர் கட்டையன் அண்ணன் எப்போதும் "என்னல பல்கலைக்கழகம்" என்று வம்புக்கு இழுப்பார். இன்றைக்குச் சர்பத் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரே டம்ளரை.

"என்னண்ணே, வாயில என்ன?"

"ஒண்ணுமில்லப்பா" என்றார். 'ல' இல்லை, 'ப்பா' இருந்தது.

அப்பாவிடம் என்ன குரலில் நுழைவது என்று யோசித்தான். துறைத்தலைவர் குரலில் வாசலில் நின்று "மிஸ்டர் சுடலைமுத்து" என்றால் பதறி வருவார். அப்புறம் துண்டை எடுத்து அடிக்க ஓங்குவார். அப்புறம் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவனால் இன்னும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. தொடக்கம் வரும், முடிவு வராது. இந்தத் தடவை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேடம் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் பேச்சிமுத்து மாமா வேப்பமரம் வரைக்கும் வந்து நின்றுகொண்டார். சட்டை இல்லை. தோளில் துண்டு.

"போச்சு. மாமாவும் இங்கதான் இருக்காரா?" இசக்கிராஜ் குரலைத் தாழ்த்தினான். "அவர் மாதிரிப் பேசினதைச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அப்பா இருந்தாரா?"

"இருந்தார்."

"என்ன பண்ணிட்டிருக்கார்?"

"படுத்திருக்கார்."

"டூட்டி முடிஞ்சு வந்தா தூங்கிருவார். என்னைப் பத்தி அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"அம்மாகிட்ட?"

"இல்லை."

"பின்னே இவ்வளவு நேரம் உள்ள என்ன மேடம் சொல்லிட்டு வந்தீங்க?"

மேடம் தன் பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவன் பையை அவன் தோளில் மாட்டிவிட்டார்.

"யார்கிட்டேயும் சொல்லிக்காமத்தான் வந்தேன்."

"ஏன் மேடம், அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை போயிட்டு வரேன்னு…"

மேடம் நடக்கத் தொடங்கியிருந்தார், பஸ் ஸ்டாண்டு பக்கம். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தடியில் நின்ற மாமா, வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற பெண்ணைப் பார்த்து, போயிட்டு வாங்கம்மா என்று சொல்லவில்லை.

இசக்கிராஜ் வாயைத் திறந்தான்.

யார் குரலும் வரவில்லை.